கல்வராயன் மலையின் பெயரும் எல்லையும்: ‘1976 இணைப்பு’ என்னும் கருத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகிய கல்வராயன் மலை, 1976ஆம் ஆண்டில்தான் இந்தியாவுடன் இணைந்தது என்னும் கருத்து அண்மைக் காலத்தில் நீதிமன்றத்திலும் இதழ்களிலும் பரவலாக எடுத்தாளப்படுகிறது. மலையின் பெயர் வரலாறு, இடைக்கால நாட்டுப் பிரிவு, ஆங்கிலேயர் ஆட்சியில் அமைந்த மாவட்ட எல்லை, ஜாகிர் முறை, அரசமைப்புச் சட்டத்தின் வரையறை ஆகியவற்றைக் கொண்டு இக்கருத்தை இக்கட்டுரை சோதிக்கிறது. 1976இல் முடிவுற்றது ஒரு நில உரிமை முறையே என்பதும், மலையின் ஆட்சி எல்லை அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே வரையறுக்கப்பட்டுவிட்டது என்பதும் இங்கு நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கல்வராயன் மலை, கள்ளக்குறிச்சி, ஜாகிர், மலையாளி, தென்னார்க்காடு, எல்லை, இடப்பெயராய்வு.

முன்னுரை

2024ஆம் ஆண்டு ஜூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் நச்சுச் சாராயம் அருந்தி அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதனை அடுத்துக் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் தாமாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்துக்கொண்டது. அவ்வழக்கின் போக்கில் இரண்டு செய்திகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, மூன்று ஜாகிர்தார்களின் ஆட்சியில் இருந்த இம்மலை 1976ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாளில்தான் இந்தியாவின் பகுதியாயிற்று என்பது. மற்றொன்று, இம்மக்கள் 1996ஆம் ஆண்டில்தான் வாக்குரிமை பெற்றனர் என்பது. நாளிதழ்கள் இவற்றை எடுத்து வெளியிட்டன. அதன்பின் மலையைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகள் பலவற்றில் இவை மேற்கோள் தேவைப்படாத உண்மைகளாகவே இடம்பெற்றுவருகின்றன.

மக்களின் துயரை நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவரும் நோக்கில் இச்செய்திகள் கூறப்பட்டன என்பதில் ஐயமில்லை. ஆயினும் ‘இணைந்தது’ என்னும் வினை வரலாற்றுப் பொருளில் கனமானது. ஒரு நிலப்பகுதி பிறிதோர் அரசின் இறைமைக்கு உட்பட்டிருந்தாலன்றி அது இணைந்தது எனக் கூற இயலாது. கல்வராயன் மலை அவ்வாறு இருந்ததா என்பது இக்கட்டுரையின் வினா. இவ்வினாவுக்கான விடையை ஒட்டியே, 1976க்கு முன்பு அம்மலையில் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் இல்லாமற்போனதற்கு யார் பொறுப்பு என்பதும் தீரும்.

மலையின் கிடப்பு

கல்வராயன் மலை சவ்வாது மலை, சேர்வராயன் மலை, பச்சைமலை ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்படுவது. இதன் பரப்பு ஏறத்தாழ 1,095 சதுர கிலோமீட்டர் எனக் கூறப்படுகிறது. மேட்டுநிலத்தின் பெரும்பகுதி 2,000 அடிக்கும் 3,000 அடிக்கும் இடைப்பட்ட உயரத்தது. தெற்கில் இதனினும் உயர்ந்த முகடுகள் உள்ளன. கோமுகியும் மணிமுத்தாறும் இதன் கிழக்குச் சரிவில் தோன்றிக் கள்ளக்குறிச்சிச் சமவெளியில் இறங்குகின்றன. தெற்கடிவாரத்தை ஒட்டி வசிட்ட நதி ஆத்தூர் வழியாகக் கிழக்கே செல்கிறது. இன்றைய ஆட்சிப் பிரிவின்படி கிழக்குப் பகுதி வெள்ளிமலையைத் தலைமையிடமாகக் கொண்டு கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும், மேற்குப் பகுதி கருமந்துறை முதலிய ஊர்களோடு சேலம் மாவட்டத்திலும் அடங்கும்.

நில நூலார் மலையின் வடபகுதியைச் சின்னக் கல்வராயன் என்றும் தென்பகுதியைப் பெரிய கல்வராயன் என்றும் வகுப்பர். சேலம் மாவட்டப் பெத்தநாயக்கன்பாளையம் ஒன்றியத்திலோ இதே அடைமொழிகள் ஊராட்சிப் பெயர்களாக வழங்குகின்றன. சின்னக் கல்வராயன் மலை வடக்கு நாடு, தெற்கு நாடு எனவும், பெரிய கல்வராயன் மலை மேல்நாடு, கீழ்நாடு எனவும் நான்கு ஊராட்சிகள் அங்கு உள்ளன. கள்ளக்குறிச்சிப் பக்கத்தில் இவ்வடைமொழிகளுக்கு ஆட்சிப் பயன்பாடு இல்லை. அங்குப் பழைய பிரிவுகள் ஜாகிர்தார்களின் பெயரால் வழங்கின. ஆகவே ‘பெரிய கல்வராயன்’ என ஓர் ஆவணத்தில் காணப்படும்போது, அது மலையின் தென்பாதியைக் குறிக்கிறதா, சேலம் மாவட்டத்தின் ஒரு வருவாய்ப் பகுதியைக் குறிக்கிறதா என்று முதலில் கேட்டாக வேண்டும். இக்கேள்வியை எழுப்பாமையால் மக்கள்தொகை, பரப்பு ஆகியவற்றை ஒப்பிடும் ஆய்வேடுகளில் குழப்பம் நேர எளிதில் இடமுண்டு.

பெயர்

இம்மலை கல்வராயன், கல்ராயன் என்னும் இரு வடிவங்களில் எழுதப்படுகிறது. ஆங்கிலேயர் கால மாவட்ட நூல்களில் ‘கல்ராயன்’ என்னும் வடிவமே ஒலிபெயர்ப்பில் நிலைபெற்றது. சேலம் மாவட்ட ஆங்கில ஆவணங்களில் அது இன்றும் தொடர்கிறது. தமிழ்வழி ஆட்சி ஆவணங்களில் ‘கல்வராயன்’ என்பது பெருவழக்கு.

பெயர்க்காரணம் கூறுவோர் பொதுவாக மூன்று வழியில் செல்கின்றனர். கல் என்பதனோடு அரசனைக் குறிக்கும் அரையன் அல்லது ராயன் என்னும் சொல் சேர்ந்து மலையரசன் என்னும் பொருளில் அமைந்தது என்பது முதல் வழி. இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. கல், அரையன் என்பன புணரின் கல்லரையன் என்றாகும். ராயன் புணரின் கல்ராயன் என்றாகும். இரண்டிலும் வகரம் தோன்றுதற்கு விதியில்லை.

கள்வர் என்னும் சொல்லோடு இணைப்பது இரண்டாம் வழி. அகநானூற்றில் கள்வர் தலைவனாகச் சுட்டப்படும் புல்லியை இங்குத் துணைக்கு அழைப்போரும் உளர். புல்லி வேங்கட மலைக்கு உரியவன். வேங்கடத்திற்கும் கல்வராயன் மலைக்கும் இடையே பாலாற்றுப் பள்ளத்தாக்கும் சவ்வாது மலையும் கிடக்கின்றன. பெயரொலி ஒப்புமை ஒன்றைத் தவிர இத்தொடர்புக்கு வேறு பற்றுக்கோடு இல்லை. மேலும், மலையின் பெயர் ளகரத்தோடன்றி லகரத்தோடே எழுதப்பட்டுவருகிறது. இவ்விளக்கத்தை அறிவுலகம் கவனத்தோடு கையாள வேண்டியதற்கு மொழியியலுக்கு அப்பாற்பட்ட காரணமும் உண்டு. சாராய வழக்குகளோடு மலையின் பெயர் அடிக்கடி பேசப்படும் இக்காலத்தில், ‘கள்வர் மலை’ என்னும் பொருள்கோள் ஒரு சமூகத்தின்மீது பழியாகவே சென்று படியும்.

மூன்றாம் வழி, ‘-ராயன்’ என முடியும் அண்டைப் பெயர்களோடு இதனை வைத்துக் காண்பது. மேற்கே உள்ள சேர்வராயன் மலை, அதன் உச்சியில் கோயில் கொண்ட சேர்வராயன் என்னும் தெய்வத்தின் பெயரைக் கொண்டது. ஆங்கிலேயர் அதனை ‘ஷெவராய்’ ஆக்கினர். கல்வராயன் மலையின் கிழக்கடிவாரத்தில் கச்சிராயபாளையம் உள்ளது. கச்சிராயன் என்பது இடைக்காலத்தில் காடவர் குடித் தலைவர்களோடு தொடர்புடைய பட்டப்பெயர். ஆக, தெய்வமோ தலைவனோ ஒருவனின் ‘ராயன்’ பெயர் இடத்திற்கு ஆகிவருவது இவ்வட்டாரத்தின் பழக்கம். கல்வராயன் என்பதையும் அவ்வகையில் ஓர் ஆட்பெயராகவோ தெய்வப் பெயராகவோ கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. விரைந்த பேச்சில் அழுத்தமற்ற வகரம் கெடுதல் இயல்பு. இல்லாத வகரம் புதிதாகத் தோன்றுதல் அரிது. எனவே கல்வராயன் முதல் வடிவம், கல்ராயன் அதன் குறுக்கம் எனக் கருதலாம். இது ஊகமே. மலைமேல் கிடைக்கும் கல்வெட்டு ஒன்றில் பழைய வடிவம் காணப்படுமாயின் இதனைத் திருத்திக்கொள்ள நேரலாம்.

மக்களின் பெயர்க்கும் எல்லைச் சிக்கல் உண்டு. இம்மலையின் பெரும்பான்மைக் குடியினர் பட்டியல் பழங்குடியினராகிய மலையாளிகள். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்பது இச்சொல்லின் பொருள். கேரள மொழியினரோடு இவர்க்குத் தொடர்பில்லை. இவர்கள் தம்மைக் காராளர் என்றும் கூறிக்கொள்வர். காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் மூவர் வெவ்வேறு மலைகளில் குடியேறினர் என்னும் கதை சிறுசிறு வேறுபாடுகளோடு இம்மலைகள் அனைத்திலும் வழங்குகிறது. எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய தொகுதிகளில் இக்கதையைப் பதிவு செய்துள்ளார். குடிபெயர்வின் நேரடிச் சான்றாக இக்கதையைக் கொள்வது கடினம். எந்த மலையார் எந்த மலையாரோடு உறவு, யார் மூத்த வழி, யார் இளைய வழி என்பதை வரையறுக்கும் ஓர் எல்லை ஆவணமாக அதனைப் படிக்கும்போது அது மிகுந்த பயனுடையதாகிறது.

இடைக்கால நாடுகளுக்கு இடையில்

சோழர் காலத்து நாடு என்னும் பிரிவு வேளாண் ஊர்களின் தொகுதி என்பதை எ. சுப்பராயலு 1973இல் வெளிவந்த தம் நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். ஆற்றுப் பாசனமும் ஏரிப் பாசனமும் உள்ள இடங்களில் நாடுகள் செறிந்தன. மலைகள் அவற்றுக்கு இடையே நின்றன. கல்வராயன் மலைக்குக் கிழக்கிலும் வடகிழக்கிலும் திருக்கோவலூரை நடுவாகக் கொண்ட மலாடு. தெற்கில் ஆறகழூரைத் தலைமையிடமாகக் கொண்டு வாணகோவரையர் ஆண்ட மகதை மண்டலம். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் இவ்விரு வட்டாரங்களின் தலைவர்களும் சோழர்க்கு அடங்கியும் அடங்காமலும் வலிமையோடு விளங்கினர். மலை இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலம்; எல்லைக்கோடு எனக் கூறுவதைவிட எல்லைப் பரப்பு எனக் கூறுவதே தகும்.

மலைமேலும் ‘நாடு’ என்னும் சொல்லே ஆட்சிப் பிரிவாக வழங்குகிறது. ஊர்க்கவுண்டர்க்கு மேல் நாட்டார் எனத் தலைமை அடுக்கடுக்காக அமைந்துள்ளது. சமவெளியில் ஆட்சி வழக்கிலிருந்து மறைந்துபோன ஒரு சொல், மலையில் இன்றும் ஊராட்சியின் பெயரில் உயிரோடு இருப்பது கவனிக்கத்தக்கது. மேல்நாடு, கீழ்நாடு என்பவற்றைச் சோழர் கால நாடுகளின் நேர் வாரிசுகளாகக் கொள்வதற்கு இது போதாது. ஆயின் மலைமக்கள் தம் எல்லைகளைத் தாமே வகுத்துப் பெயரிட்டனர் என்பதற்கு இது போதும்.

1792, 1801: ஒரு மலை, இரு கோப்புகள்

கல்வராயன் மலை இன்று இரு மாவட்டங்களாகப் பிரிந்து கிடப்பதன் வேர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உள்ளது. மூன்றாம் மைசூர்ப் போரின் முடிவில், 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலம், ஆத்தூர் அடங்கிய தாழ்நிலப் பகுதியையும் ஆங்கிலக் கும்பினிக்கு விட்டுக்கொடுத்தார். அலெக்சாண்டர் ரீடும் அவர்தம் உதவியாளர்களும் அங்கு நில அளவையையும் தீர்வையையும் தொடங்கினர். மலையின் கிழக்குப் பக்கம் அப்போது ஆர்க்காட்டு நவாபின் ஆட்சிக்கு உட்பட்டது. 1801ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் உடன்படிக்கையால் கர்நாடகப் பகுதி முழுவதும் கும்பினியின் கைக்கு வந்தது. தென்னார்க்காடு மாவட்டம் அமைந்தது.

இவ்வாறு மலையின் மேற்குச் சரிவு மைசூரிடமிருந்தும், கிழக்குச் சரிவு ஒன்பது ஆண்டுகள் கழித்து நவாபிடமிருந்தும் வந்தன. இரு வேறு கோப்புகள், இரு வேறு ஆட்சியர்கள். பின்னர் இரண்டும் ஒரே சென்னை மாகாணத்தில் அடங்கியபோதும் மாவட்ட எல்லை மாற்றப்படவில்லை. மொழியும் குடியும் தெய்வமும் ஒன்றாயிருந்த மலை, போர்முனையில் வரையப்பட்ட கோட்டை இன்றளவும் சுமக்கிறது.

மாவட்டக் கையேடுகளின் சான்று இங்கு முதன்மை பெறுகிறது. கார்ஸ்டின் தொகுத்த தென்னார்க்காடு மாவட்டக் கையேடு 1878இலும், லெ ஃபனு தொகுத்த சேலம் மாவட்டக் கையேடு 1883இலும், ஃபிரான்சிசின் தென்னார்க்காடு விவரச்சுவடி 1906இலும், ரிச்சர்ட்சின் சேலம் விவரச்சுவடி 1918இலும் வெளிவந்தன. இவ்வாட்சி இலக்கியத்தில் கல்வராயன் மலை மாவட்டத்திற்கு உட்பட்ட நிலமாகவே இடம்பெறுகிறது, அயல்நாடாக அன்று. சென்னை மாகாணத்தின் எல்லைக்குள் புதுக்கோட்டை போன்ற அரசுகள் இருந்தன. அவற்றோடான தொடர்பு அரசியல் முகவர் வழி நடந்தது. கல்வராயன் மலைக்கு அத்தகைய முகவர் எவரும் அமர்த்தப்படவில்லை. கள்ளக்குறிச்சி வட்டமும் ஆத்தூர் வட்டமுமே அதற்குப் போதுமானவையாயிருந்தன.

ஜாகிர் என்னும் சொல்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலை சடையக்கவுண்டன், குறும்பக்கவுண்டன், அரியக்கவுண்டன் என்னும் மூவர் பெயரால் அமைந்த மூன்று ஜாகிர்களாக இருந்தது. சடையன் என்னும் தூய தமிழ்ப் பெயர் ஆவணங்களில் ‘ஜடைய’ என மாறியது. இம்மலையைக் கிருஷ்ணதேவராயர் (1509–1529) இக்குடியினர்க்கு வழங்கினார் என்பது வாய்மொழி மரபு. விசயநகரப் பேரரசின் நினைவு தமிழகத்துப் பாளையக்காரர் குடிவரலாறுகள் பலவற்றிலும் இவ்வாறே தோற்றக் கதையாக நிற்கிறது. அக்கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், ‘ஜாகிர்’ என்னும் சொல் விசயநகர ஆட்சிக்கு உரியதன்று. அக்கால வழக்குகள் நாயக்கத்தனம், பாளையம், மானியம் என்பன. ஜாகிர் பாரசீகச் சொல். முகலாயர் வருவாய் முறையில் ஒருவருக்கு ஒரு பகுதியின் வருவாயை ஒப்படைப்பதைக் குறிப்பது. செஞ்சி 1649இல் பீசப்பூருக்கும், 1677இல் மராத்தியர்க்கும், 1698இல் முகலாயர்க்கும் கைமாறியது. அதன்பின் ஆர்க்காட்டு நவாபுகளின் காலம். மலைத் தலைவர்களின் உரிமை எவ்வளவு பழைமையானதாயினும், அதற்கு ஜாகிர் என்னும் பெயர் இக்காலத்திற்கு முன் வந்திருக்க இயலாது.

சொல்லின் பொருளே இங்கு முடிவானது. ஜாகிர் பெற்றவர் வருவாய்க்கு உரியவர். இறைமைக்கு உரியவர் அல்லர். கொடுப்பவர் ஒருவர் மேலே இருந்தாலன்றி ஜாகிர் என்பதற்கே பொருளில்லை. செங்கல்பட்டுப் பகுதியை நவாபு 1763இல் கும்பினிக்கு ஜாகிராக வழங்கினார். அப்பகுதி நெடுங்காலம் ‘ஜாகிர்’ என்றே ஆங்கிலேயரால் சுட்டப்பட்டது. செங்கல்பட்டு அதனால் தனிநாடாக இருந்தது என எவரும் எழுதுவதில்லை.

ஜாகிர்தார்கள் மலையில் பெற்றிருந்த நடைமுறை அதிகாரத்தை இது குறைத்து மதிப்பிடுவதாகாது. வரி, உழைப்பு, வழக்குத் தீர்ப்பு ஆகியவற்றில் மலைமகனுக்குக் கண்ணெதிரே நின்ற அரசு ஜாகிர்தாரே. அடிவாரத்துக் கச்சேரி தொலைவில் இருந்தது. ‘ஜாகிர்தார் ஆட்சி’ என மக்கள் நினைவில் பதிந்திருப்பது அந்த அனுபவத்தின் உண்மை. அவ்வுண்மையை இறைமையின் மொழியில் பெயர்க்கும்போதுதான் பிழை நேர்கிறது.

இறைமையும் உடைமையும்

அரசமைப்புச் சட்டத்தின் முதல் உறுப்பும் முதல் அட்டவணையும் இந்தியாவின் நிலப்பரப்பை வரையறுக்கின்றன. 1950ஆம் ஆண்டு ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த வடிவத்தின்படி, சென்னை மாநிலம் என்பது அந்நாளுக்கு முன்பு சென்னை மாகாணத்தில் அடங்கியிருந்த நிலப்பரப்பு. அம்மாகாணத்தின் பகுதி போல ஆளப்பட்டுவந்த நிலமும் அதில் அடங்கும். தென்னார்க்காடும் சேலமும் மாகாணத்தின் மாவட்டங்கள். ஆகவே கல்வராயன் மலை அந்நாளிலேயே இந்திய நிலப்பரப்பு. இதற்கு வேறோர் இணைப்பு ஆவணம் தேவைப்படவில்லை.

உண்மையில் இணைந்த பகுதிகளை அருகிலேயே காணலாம். புதுக்கோட்டை அரசு 1948ஆம் ஆண்டு மார்ச் 3இல் சென்னை மாகாணத்தோடு இணைக்கப்பட்டது. மன்னர், உடன்படிக்கை, கையளிப்பு என அனைத்தும் இருந்தன. புதுச்சேரி 1954ஆம் ஆண்டு நவம்பர் 1இல் நடைமுறையிலும் 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16இல் சட்ட முறையிலும் பிரான்சிடமிருந்து வந்தது. 1976இல் கல்வராயன் மலைக்கு நேர்ந்ததை இவற்றின் வரிசையில் வைப்பதற்கு எவ்வகைச் சான்றும் இல்லை.

அயல்நாட்டு ஒப்புமை ஒன்று இவ்வேறுபாட்டை மேலும் தெளிவாக்கும். சப்பானின் தெற்கே நீளும் ரியூக்கியூ தீவுத்தொடர் ஒரு காலத்தில் தனி அரசு. 1609இல் சத்சுமா குறுநிலத்தார் படையெடுத்து அமாமித் தீவுகளைத் தம் நேரடி ஆட்சியில் கொண்டனர். எஞ்சிய அரசு 1879இல் கலைக்கப்பட்டு ஒக்கினாவா மாவட்டமாயிற்று. அமாமி இன்றும் ககோசிமா மாவட்டத்திலேயே உள்ளது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அமெரிக்க ஆட்சியில் இருந்து அமாமி 1953இலும் ஒக்கினாவா 1972இலும் சப்பானுக்குத் திரும்பின. பண்பாட்டால் நெருங்கிய ஒரு நிலத்தொடர் பழைய போரொன்றின் கோட்டால் இரு மாவட்டங்களாகக் கிடப்பதில் ரியூக்கியூவும் கல்வராயனும் ஒத்தவை. ஆனால் ரியூக்கியூவுக்கு மன்னன் இருந்தான், அயலரசுகளோடு தூதுறவு இருந்தது, கலைக்கப்பட்ட நாள் இருந்தது. ஆகவே அங்கு ‘இணைப்பு’ என்னும் சொல்லுக்கு இடமுண்டு. கல்வராயனில் முடிவுக்கு வந்தது இடைத்தரகு உரிமை மட்டுமே.

1976இல் நிகழ்ந்தது

சென்னை மாநிலம் 1948ஆம் ஆண்டின் 26ஆம் சட்டத்தால் ஜமீன்களை ஒழித்தது. அதன் பிடியில் சிக்காத இனாம் எஸ்டேட்டுகளை ஒழித்து இரயத்துவாரியாக மாற்றுவதற்கு 1963ஆம் ஆண்டின் 26ஆம் சட்டம் இயற்றப்பட்டது. கல்வராயன் ஜாகிர்களின் முடிவும் இந்நிலச் சீர்திருத்த வரிசையில் வைத்துக் காணத்தக்கது. வழக்கில் சுட்டப்பட்ட 1976 ஜூன் 25, நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு முழுதாக ஓராண்டு நிறைந்த நாள். தமிழ்நாடு அவ்வாண்டு ஜனவரி 31 முதல் குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியதும் அவ்வாண்டே. இருபது அம்சத் திட்டத்தின் வேகத்தில் பழைய நில உரிமைகள் மீது அரசு கைவைத்த காலம் அது.

தமிழகச் சமவெளியில் ஜமீன் ஒழிப்பு 1948இல் தொடங்கியிருக்க, மலையில் ஜாகிர் 1976வரை நீடித்தது என்பதே கேட்கப்பட வேண்டிய செய்தி. இந்த இருபத்தெட்டு ஆண்டுகளில் மலை இந்தியாவுக்கு வெளியே இருந்திருந்தால் அரசுக்கு அங்குக் கடமை எதுவுமில்லை. உள்ளே இருந்தது என்றால், தன் குடிமக்களை ஒரு தனியார் வருவாய் உரிமையாளரிடம் அரசு விட்டுவைத்தது என்றாகும். ‘1976 இணைப்பு’ என்னும் தொடர், எவரும் கருதாத வகையில், அரசின் புறக்கணிப்புக்கு ஒரு சட்டக் காரணத்தைக் கற்பித்துக் கொடுத்துவிடுகிறது. மலைமக்களின் சார்பாகப் பேசுவோர் இத்தொடரைக் கையாள்வது இதனாலேயே வருந்தத்தக்கது.

வாக்குரிமை குறித்த 1996 என்னும் ஆண்டையும் இவ்வாறே நுணுகிக் காண வேண்டும். வயதுவந்தோர் வாக்குரிமை அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் உறுப்பால் வருவது. நில உரிமை முறைக்கும் அதற்கும் தொடர்பில்லை. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்கீழ் முதல் உள்ளாட்சித் தேர்தல் 1996 அக்டோபரில் நடைபெற்றது. மலைமக்கள் தம் ஊரிலேயே தம்மவரைத் தேர்ந்தெடுத்த முதல் நிகழ்வு என்னும் வகையில் அவ்வாண்டு நினைவில் நின்று, பின்னர் வாக்குரிமை பெற்ற ஆண்டாக உருமாறியிருத்தல் கூடும். உரிமை ஏட்டில் இருந்தும் வாக்குச்சாவடி எட்டாத் தொலைவில் இருந்த காலத்தை ‘வாக்குரிமை இல்லாத காலம்’ என மக்கள் கூறின் அதில் தவறில்லை. ஆய்வாளர் அவ்வாறே எழுதுதல் ஆகாது.

எல்லையின் விளைவுகள்

இம்மலை எப்போதும் நாட்டின் எல்லைக்குள் இருந்தது. ஆனால் பழங்குடி நிலம் என்னும் சட்ட எல்லைக்குள் ஒருபோதும் வைக்கப்படவில்லை. 1874ஆம் ஆண்டின் அட்டவணை மாவட்டங்கள் சட்டத்தில் சென்னை மாகாணத்திலிருந்து கஞ்சம், விசாகப்பட்டினம், கோதாவரி ஆகியவற்றின் மலைப்பகுதிகளும் இலட்சத்தீவும் இடம்பெற்றன. 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த விலக்கப்பட்ட பகுதிகளும் இதே போக்கில் அமைந்தன. தமிழ்நாட்டு மலைகள் எவையும் அவற்றில் இல்லை. அதன் தொடர்ச்சியாக அரசமைப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணைப் பகுதி தமிழ்நாட்டில் ஒன்றுகூட இல்லை. 1996ஆம் ஆண்டின் அட்டவணைப் பகுதிகளுக்கான ஊராட்சி விரிவாக்கச் சட்டமும் இங்குச் செல்லாது. தனிநாடாக இருந்ததாகக் கூறப்படும் மலைக்குத் தனிச்சட்டப் பாதுகாப்பு எக்காலத்தும் இருந்ததில்லை.

மாவட்டப் பெயர்கள் இன்னொரு சிக்கல். 1976ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட பட்டியல் பழங்குடியினர் வரிசையில் மலையாளிகள், தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களோடு சேர்த்து வரையறுக்கப்பட்டனர். தென்னார்க்காடு 1993இல் பிரிந்து விழுப்புரமும் கடலூரும் ஆயிற்று. 2019ஆம் ஆண்டு நவம்பர் 26இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம் தோன்றியது. வெள்ளிமலையில் ஒரே வீட்டில் வாழ்ந்த முதியவர் மூன்று மாவட்டங்களைக் கண்டிருப்பார். அவருடைய பழங்குடித் தகுதியோ வழக்கொழிந்த தென்னார்க்காட்டின் பெயரையே பற்றிக்கொண்டு நிற்கிறது. அப்பெயர் பட்டியலில் இருந்தமையால் அவர் பழங்குடியினர். அன்றைய கோவை மாவட்டத்தின் பெயர் பட்டியலில் இல்லாமையால், இன்றைய ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் பழங்குடித் தகுதிக்காக நெடுங்காலம் போராடி வருகின்றனர்.

1792, 1801 ஆகிய ஆண்டுகளின் கோடும் இன்று வேலை செய்கிறது. கல்வராயன் மலையின் சேலம் பகுதி, பழங்குடியினர்க்கு ஒதுக்கப்பட்ட ஏற்காடு சட்டமன்றத் தொகுதியில் அடங்குகிறது. தமிழ்நாட்டில் அவ்வாறு ஒதுக்கப்பட்டவை ஏற்காடு, சேந்தமங்கலம் ஆகிய இரண்டே. கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைமக்களுக்கு அத்தகைய தொகுதி இல்லை. சமவெளி வாக்காளரிடையே அவர்கள் சிறுபான்மையர்.

ஜாகிர் ஆவணங்களைத் தேடித் தொகுப்பதன் தேவையும் இங்கிருந்தே எழுகிறது. 2006ஆம் ஆண்டின் வனவுரிமைச் சட்டம் 2005 டிசம்பர் 13ஐ எல்லை நாளாகக் கொண்டது. அதன் 2008ஆம் ஆண்டு விதிகளில் 13ஆம் விதி, உரிமைக்கான சான்றுகளை வகைப்படுத்துகையில், முன்னாள் சமத்தானங்கள், மாகாணங்கள், பிற இடைநிலையாளர்கள் ஆகியோரின் நிலப்படங்களையும் உரிமைப் பதிவுகளையும் ஏற்கத்தக்கனவாகக் கூறுகிறது. ஜாகிர்தார் ‘இடைநிலையாளர்’ என்னும் சொல்லுக்குள் அடங்குவார். ஆகவே ஜாகிர் காலத்து வரிச்சீட்டு, எல்லைக் குறிப்பு, தண்டல் கணக்கு ஆகியவை மலைமேல் எந்தக் குடும்பத்தின் பெட்டியில் இருப்பினும், அவை கிராமசபையின் முன் வைக்கத்தக்க சான்றுகளாகும்.